பேட்ரிக் கெடிஸ்: சந்திலிருந்து ஆற்றுப்படுகை வரை

1915-இல் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியின் நெரிசலைத் தீர்க்க நகராட்சியிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நேரான புதுத் தெருக்கள் போட வேண்டும், வழியில் வரும் வீடுகளை இடிக்க வேண்டும். மதிப்பீடு 30,000 ரூபாய். அந்த ஆண்டு அந்த ஊருக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். இருக்கிற சந்துகளே போக்குவரத்துக்குப் பெரும்பாலும் போதும் என்று கண்டார். பாழடைந்து நிற்கும் சில வீடுகளை மட்டும் அகற்றலாம், அந்த இடத்தைச் சிறு திறந்தவெளியாக விட்டு மரம் நடலாம், இடிக்கும் இடத்தில் சந்தைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம், மற்றதை அப்படியே விட்டுவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். இதற்கு ஆகும் செலவு 5,000 ரூபாய்.

பணம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது என்பதால் மட்டும் இது முக்கியமல்ல. முதல் திட்டத்தில் வீடு இழப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தில் இடமே இல்லை. பக்கத்துத் தெருவில் போய் நெருக்கி உட்காருவார்கள். ஒரு தெருவின் நெரிசல் இன்னொரு தெருவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். இரண்டாவது திட்டம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் காக்கும் அறுவை சிகிச்சை. உடம்பைக் காப்பாற்றத்தான் கத்தி, எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக வெட்ட வேண்டும் என்பது அதன் பொருள்.

அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். அப்போது அவருக்கு அறுபது வயது. கட்டடக் கலைஞரோ பொறியாளரோ அல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். அதைவிட வியப்பு, அவரிடம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் கிடையாது. மக்களோடு சேர்ந்து ஊரைத் திட்டமிடுவது, ஊரை அதன் சுற்றுவட்டாரத்தோடு சேர்த்துப் பார்ப்பது என்ற இரண்டு எண்ணங்களுக்கும் இன்று உலகம் முழுவதும் பாடமாக வைக்கப்படும் மனிதர் இவர். அவருடைய தொழில் வாழ்க்கை எந்தப் பாதையில் போனது என்று பார்த்தால், இந்தத் துறை எப்படி உருவானது என்பதும் புரிந்துவிடும்.

1854-இல் பிறந்தவர் கெடிஸ். டே ஆற்றங்கரையில் உள்ள பெர்த் ஊரில் வளர்ந்தார். வீடு மலைச்சரிவில் இருந்தது. கீழே ஆறு, ஊர், வயல் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். படைவீரராக இருந்து ஓய்வுபெற்ற தந்தை மகனை அழைத்துக்கொண்டு மலை ஏறுவார், தோட்டவேலை சொல்லிக்கொடுப்பார். பள்ளி முடிந்ததும் கெடிஸ் கொஞ்ச காலம் வங்கியில் வேலை பார்த்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தவர் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டார். உயிருள்ள செடியைப் பார்க்காமல் காய்ந்த மாதிரிகளை வைத்து நடத்தும் பாடம் அவருக்கு ஒத்துவரவில்லை. லண்டனுக்குப் போய், டார்வினின் கருத்துகளுக்காக வாதாடிக்கொண்டிருந்த தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். பிறகு பிரான்ஸ். அங்கே கடற்கரை ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில்தான் பிரெடெரிக் லெ ப்ளே என்ற சமூக ஆய்வாளரின் சிந்தனை அவருக்கு அறிமுகமானது. ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது வாழும் இடத்தையும் செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது லெ ப்ளேயின் வழி. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றையும் கெடிஸ் வாழ்நாள் முழுவதும் விடவே இல்லை.

1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ போனபோது கண்பார்வை திடீரென்று மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்க வேண்டியதாயிற்று. ஜன்னல் சட்டங்களின் கட்டங்களைக் கையால் தடவிக்கொண்டே, எண்ணங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் நாள் முழுக்கக் கண்ணை வைத்துச் செய்யும் வேலை இனி முடியாது என்றாகிவிட்டது. ஆய்வகத்தில் செல்களுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து ஊரைப் பார்க்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் வந்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம். 1886-இல் அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். வசதியான புதுநகர்ப் பகுதியில் குடியிருந்த அந்தத் தம்பதி கொஞ்ச நாளிலேயே எடின்பரோவின் பழைய நகரில், ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தைச் சுற்றிய அடுக்கு வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒருகாலத்தில் கனவான்கள் வாழ்ந்த அந்த இடம் அப்போது ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சேரியாகியிருந்தது. நகராட்சி ஏற்கெனவே அந்தப் பகுதியில் அகலத் தெருக்களை வெட்டிப் பல கட்டடங்களை இடித்திருந்தது. கெடிஸ் தம்பதியர் வேறு வழியில் போனார்கள். அண்டை வீட்டாரோடு சேர்ந்து முற்றத்தைக் கூட்டினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் செடி வைத்தார்கள். ஆகவே ஆகாத கட்டடத்தை மட்டும் எடுத்தார்கள். அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் வந்தது, தோட்டம் வந்தது. தஞ்சாவூரில் அவர் சொன்ன தீர்வின் விதை இங்கேதான் இருக்கிறது. கெடிஸைப் பற்றிப் பேசும்போது அன்னாவின் பெயர் பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறது, அது நியாயமில்லை. எந்நேரமும் புதுப்புதுத் திட்டங்களோடு பறந்துகொண்டிருந்த மனிதரின் வீட்டையும் கணக்கையும் விருந்தினரையும், சேரிக்குள்ளேயே பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பையும் சுமந்தவர் அவர்.

அங்கேயே பழைய கட்டடங்களைப் புதுப்பித்து மாணவர் விடுதிகளாக்கினார் கெடிஸ். விடுதியை மாணவர்களே நிர்வகித்தார்கள். படிப்பவர்கள் ஏழைகளின் தெருவில் வாழ வேண்டும், தெரு அவர்களிடமிருந்தும் அவர்கள் தெருவிடமிருந்தும் கற்க வேண்டும் என்பது எண்ணம். இன்று நகரமைப்புத் துறைகளில் சமூகப் பங்கேற்பு என்று பாடத்திட்டத்தில் எழுதி, அரை நாள் கூட்டம் போட்டு முடித்துவிடும் இடங்களில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவர் பங்கேற்பைக் கேட்கவில்லை, அங்கே குடியிருந்தார்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? பதில் அவருடைய வேலையில் இருக்கிறது. 1888-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஆர்வங்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன என்பது அவர்மேல் எப்போதும் இருந்த குறை. அவரை நன்கு அறிந்த ஜேம்ஸ் மார்ட்டின் ஒயிட் என்ற செல்வந்தர் டண்டீ கல்லூரியில் ஒரு பேராசிரியர் பதவிக்கு நிதி கொடுத்தார். அதில் ஒரு வசதி: ஆண்டுக்குக் கோடைப் பருவம் மூன்று மாதம் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மீதி ஒன்பது மாதம் அவருடையது. 1919 வரை, முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். கெடிஸின் திறமையைப் புகழ்கிறவர்கள் இந்த நிர்வாக ஏற்பாட்டை மறந்துவிடுகிறார்கள். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற கணக்குக்குள் அவரைப் பூட்டியிருந்தால் அவர் திறமையான தாவரவியல் ஆசிரியராக ஓய்வுபெற்றிருப்பார். ஊரைப் படிப்பது மெதுவான வேலை. அதற்கு நேரம் தரும் நிறுவனம் வேண்டும்.

1892-இல் எடின்பரோ கோட்டைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு பழைய கோபுரத்தை வாங்கினார். அவுட்லுக் டவர் என்று பெயர் வைத்தார். உச்சியில், வெளியே இருக்கும் காட்சியை லென்சும் கண்ணாடியும் வழியாக மேசைமேல் விழவைக்கும் ஓர் இருட்டறை ஏற்கெனவே இருந்தது. பார்க்க வருகிறவர்களைப் படிகளில் வேகமாக உச்சிவரை ஏற்றிவிடுவார். மூச்சிரைக்க, ரத்தம் ஓடும்போது கண் கூர்மையாகும் என்பார். மேலே நகரம் உயிரோடு மேசைமேல் அசையும். பிறகு ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க வேண்டும். முதலில் எடின்பரோ நகரம், அதற்குக் கீழே ஸ்காட்லாந்து, அதற்குக் கீழே பிரிட்டனும் ஆங்கிலம் பேசும் நாடுகளும், அப்புறம் ஐரோப்பா, தரைத்தளத்தில் உலகம். நடுவில் ஒரு சிறு அறையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் இருக்கும்; பார்த்ததையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க.

அந்தக் கோபுரத்தின் ஏற்பாட்டிலேயே அவர் சொல்ல வந்தது முழுவதும் அடங்கியிருக்கிறது. நகரத்தைத் தனியாக எடுத்துத் திட்டம் போட முடியாது. அது ஒரு வட்டாரத்தின் பகுதி, வட்டாரம் நாட்டின் பகுதி. அதே நேரத்தில், உலகத்திலிருந்து தொடங்கிக் கீழே வராதே. உன் கண்முன் தெரியும் தெருவிலிருந்து தொடங்கு.

இதையே 1909-ஐ ஒட்டி ஒரு படமாக வரைந்தார். பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு என்று அதற்குப் பெயர். மலையுச்சியில் தொடங்கிக் கடலில் முடியும் ஒரு சரிவு. மேலே சுரங்கம் தோண்டுபவர், மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர், நடுவில் ஆடு மேய்ப்பவர், சிறு உழவர், கீழே பெரு உழவர், கடலோரம் மீனவர். நிலம் தொழிலைத் தீர்மானிக்கிறது, தொழில் மனிதரையும் குடியிருப்பையும் உருவாக்குகிறது, எல்லாம் சேர்ந்து கீழே நகரம் பிறக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நமக்குத் தெரிந்த ஆற்றில் வைத்துப் பார்க்கலாம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. முழு நீளமும் சுமார் 130 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேலே காடும் மாஞ்சோலைத் தேயிலையும் பாபநாசம் அணையும். கீழே இறங்கினால் அம்பாசமுத்திரத்து நெல்வயல், பிறகு திருநெல்வேலி, பாளையங்கோட்டை என்ற இரட்டை ஊர். அதற்கும் கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, வாழை, பனை நிற்கும் செம்மணல் தேரி, கடைசியில் கடலோரத்து மீனவர் ஊர்கள். பக்கத்தில் தூத்துக்குடியின் உப்பளங்கள். தூத்துக்குடித் தொழிற்சாலைகள் குடிப்பதும் இந்த ஆற்று நீர்தான். மலையில் மரம் குறைந்தால் அணையில் மண் சேரும்; கால்வாய் அடைத்தால் கடைமடை காயும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது வெள்ளம் மாவட்ட எல்லையைப் பார்த்து நிற்கவில்லை; திருநெல்வேலியில் தொடங்கிய துன்பம் ஆற்றோடு இறங்கி ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. ஆனால் நம் மாஸ்டர் பிளான்கள் ஊர்வாரியாக, நகராட்சி எல்லை போட்டுத்தான் வரையப்படுகின்றன. மண்டலத் திட்டம் ஏன் வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

1904-இல் டன்ஃபெர்ம்லின் என்ற ஸ்காட்லாந்து ஊருக்காக அவர் தயாரித்த அறிக்கை, தன் சொந்த ஊருக்குக் கொடை கொடுத்த அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகியின் அறக்கட்டளைக்காகச் செய்த வேலை. ஒரு பூங்காவை எப்படி அமைப்பது என்றுதான் கேட்டார்கள். அவர் ஊரின் வரலாறு, ஓடை, தொழில், பள்ளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமே கொடுத்தார். அறக்கட்டளை அதை ஏற்கவில்லை. அவர் வாழ்க்கையில் இது அடிக்கடி நடந்தது. கேட்டதைவிட அதிகமாகக் கொடுப்பார், கேட்டவர்கள் பின்வாங்குவார்கள்.

ஆனால் அந்த அறிக்கைக்காக அவர் கைக்கொண்ட முறை நின்றுவிட்டது. திட்டத்துக்கு முன் சர்வே. மருத்துவர் நோயறியாமல் மருந்து கொடுப்பதில்லை. நகரமைப்பாளர் மட்டும் ஏன் ஊரை அறியாமல் கோடு போடுகிறார் என்று கேட்டார். மண், நீர், சரிவு, பழைய பாதை, கோயில், சந்தை, யார் என்ன தொழில் செய்கிறார், எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த மரம் எத்தனை ஆண்டு பழசு, இவை அத்தனையும் சர்வேயில் வர வேண்டும். முடிவுகளை அதிகாரிகளின் அலமாரியில் வைக்கக் கூடாது; ஊர்மக்கள் பார்க்கும்படி கண்காட்சியாக வைக்க வேண்டும். இன்று எந்தத் திட்டமிடல் கல்லூரியிலும் ஸ்டூடியோ வகுப்பு கள ஆய்வோடுதான் தொடங்குகிறது. மாணவர்கள் அடிவரைபடத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிறம் கொடுக்கிறார்கள்: குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா. இந்தப் பழக்கத்தின் வேர் கெடிஸிடம் இருக்கிறது. நிறம் அடிப்பதோடு சர்வே முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் பிற்காலத்தில் வந்த சரிவு. மஞ்சள் நிற வீட்டின் திண்ணையில் நடக்கும் தையல் வேலையும், பின்கட்டில் நடக்கும் முறுக்கு வியாபாரமும் அந்த வரைபடத்தில் தெரியாது. கெடிஸ் அதைப் பார்க்கத்தான் நடந்தார்.

1911 முதல் நகரங்கள் பற்றிய ஒரு கண்காட்சியை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும்படி அழைத்தவர் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. 1914-இல் கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் வந்தன. முதல் உலகப்போர் மூண்டிருந்த நேரம். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த வரைபடங்களும் படங்களும் கடலுக்குள் போயின. லண்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக இன்னொரு தொகுப்பைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹாலில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அந்தப் பயணத்தில் தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், பெல்லாரி என மாகாணத்தின் பல ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ ஐம்பது ஊர்களுக்கு எழுதிவிட்டார். தென்னிந்தியக் கோயில் நகரங்களை அவர் வியந்து பார்த்தார். தேர் திரும்பும் அளவுக்கு அகலமான வீதிகள், கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த தெருக்கள், குளம், நந்தவனம்: இவற்றைப் பழங்காலத்து மிச்சமாக அவர் பார்க்கவில்லை, தேர்ந்த நகரத் திட்டமாகப் பார்த்தார். வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்களிடம் படித்த நம் பொறியாளர்களும் இதே ஊர்களை அழுக்கும் நெரிசலும் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய அளவில் வீடுகளை இடித்துத் தள்ளும் கொள்கை, சுகாதார வரலாற்றிலேயே மிக நாசமான தவறுகளில் ஒன்று என்று அவர் 1917-இல் வெளிப்படையாக எழுதினார்.

குளங்கள் விஷயத்தில் அவர் சொன்னதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலேரியாவைத் தடுக்க ஊர்க்குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்பது அன்றைய சுகாதாரத் துறையின் போக்கு. கெடிஸ் மறுத்தார். குளத்தைச் சுத்தமாக வையுங்கள், மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், கொசுப்புழுவை அவை தின்னும். குளம் ஊரைக் குளிர்விக்கும், மழைநீரைத் தாங்கும் என்றார். சென்னை மாகாணத்துக்கு 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் சென்னையில் நடந்த பெரிய வேலைகளில் ஒன்று, மாம்பலம் ஏரியை வடித்துத் தியாகராய நகரை உருவாக்கியது. ஓர் ஏரியின் படுகையில் எழுந்த நகர் இன்று ஒவ்வொரு பெருமழைக்கும் நீரில் நிற்கிறது. அவருடைய அறிக்கைகள் மாகாண அரசின் கையிலேயே இருந்தன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அவருடைய இந்திய வேலைகளில் பெரியது இந்தூர். 1918-இல் வெளியான அந்த அறிக்கை இரண்டு தொகுதிகள். அங்கே நடந்த ஒரு தீபாவளி, மக்களோடு சேர்ந்த திட்டமிடல் என்றால் என்ன என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஊரில் பிளேக் பரவியிருந்தது. வரைபடத்தோடு சுற்றும் இந்தத் தாடிக்காரர்தான் பிளேக்கைக் கொண்டுவருகிறார் என்று மக்கள் பயந்தார்கள். கெடிஸ் அரசரிடம் போய், ஒருநாள் என்னை மகாராஜாவாக்குங்கள் என்று கேட்டார். தீபாவளி ஊர்வலம் இந்த முறை வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருவில் வீடுகள் அதிகம் சுத்தமாகவும் பழுது பார்த்தும் இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், ஊரே விளக்குமாற்றை எடுத்தது. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் கிடந்த குப்பை 6,000 வண்டிக்கு மேல் வெளியேறியது. ஊர்வலத்தில் யானை, குதிரையோடு பிளேக் அசுரன், கொசு, ராட்சத எலி ஆகியவற்றின் உருவங்கள் போயின. துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடையும் மாலையும் அணிந்து வந்தார்கள். கடைசியில் அசுரனைக் கொளுத்தினார்கள். வீடுகளுக்குக் கொடுக்கச் செடிகளும் வந்தன.

கதை அருமையானது. ஆனாலும் அதைப் பெரும்பாலும் கெடிஸ் சொன்னபடியேதான் நாம் கேட்கிறோம். மாலை போட்டுக்கொண்ட தொழிலாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பதிவாகவில்லை. மறுநாள் அவர்கள் அதே கூடையைத்தான் எடுத்திருப்பார்கள். அவர்களுடைய வீட்டைச் சீராக்க அவர் அக்கறையோடு யோசித்தார். குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், அவர்களின் குடியிருப்பு ஊரின் ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் அடித்தளத்தை அவர் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றும் இயல்பாக ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்று நம்பியவருக்கு, அந்தத் தொடர்பு இந்தியாவில் அதிகாரத்தால் கட்டிவைக்கப்பட்டது என்பது முழுதாகத் தெரியவில்லை. ஆளுநர்களும் அரசர்களும் அழைத்து வந்தவர் என்பதும் அவருடைய பார்வைக்கு ஓர் எல்லை போட்டது. நம் ஊரில் அவரைப் படிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டர் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டான். இந்தியாவில் நோயுற்றுக் கிடந்த அன்னாவிடம் கெடிஸ் அதைச் சொல்லவில்லை. ஜூனில் அன்னாவும் கல்கத்தாவில் டைஃபாய்டுக்குப் பலியானார். மகன் இறந்தது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார். கெடிஸ் வேலையை நிறுத்தவில்லை. ஜகதீஷ் சந்திர போஸ், ரவீந்திரநாத் தாகூர் ஆகியோரோடு நட்பு தொடர்ந்தது. போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இளைய மகன் ஆர்தர் சாந்திநிகேதனுக்குப் போய் ஊரக மறுசீரமைப்பு வேலையில் சேர்ந்தார்.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலும் குடிமையியலும் கற்பிக்கும் துறையைத் தொடங்கி, அதன் முதல் பேராசிரியராக அவரை அமர்த்தியது. நகரைப் படிப்பதும் சமூகத்தைப் படிப்பதும் ஒரே வேலை என்ற நம்பிக்கையில் எழுந்த துறை அது. 1924 வரை அங்கே இருந்தார். அவர் தேர்ந்தெடுத்த ஜி. எஸ். குர்யே உதவித்தொகையோடு இங்கிலாந்து போய்ப் படித்துத் திரும்பி, துறைத் தலைமையை ஏற்றார். ஆனால் குர்யேயின் ஆர்வம் சாதி, பழங்குடி, பண்பாடு பக்கம் போயிற்று. நகரத் திட்டமிடல் பொறியியல், கட்டடக்கலைப் பக்கம் போய்விட்டது. இரண்டும் அப்படிப் பிரிந்தது இந்தியக் கல்விக்குப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். நம் சமூகவியல் மாணவர் வரைபடம் பார்ப்பதில்லை, திட்டமிடல் மாணவர் சாதியைப் பற்றிப் பாடத்தில் படிப்பதில்லை.

கடைசிக் காலத்தில் அவர் பிரான்சின் மான்ட்பெல்லியே ஊரில் குடியேறி, ஸ்காட்லாந்துக்காரர் கல்லூரி என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இடையே 1925-இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் எழுதினார். அவர் திட்டங்களில் கணிசமாக நிறைவேறியது அதுதான். பெரிய சாலைகளுக்கு இடையே பெரிய மனைத்தொகுதிகள், அவற்றுக்குள் நுழையும் குறுகிய வீட்டுப் பாதைகள், நடுவில் பொதுத் தோட்டம். அந்தத் திட்டத்தின்மேல் 1930-களிலிருந்து எழுந்த வெள்ளை நகரம் 2003-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நிலத்தில் யார் யாருக்காக ஊர் எழுகிறது என்ற அரசியல் கேள்வி அங்கேயும் அவருடைய வரைபடத்துக்கு வெளியேதான் நின்றது. 1932-இல் சர் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் மான்ட்பெல்லியேயில் இறந்தார்.

அவருடைய எழுத்து எளிதில் படிக்கக்கூடியது அல்ல. 1915-இல் வந்த அவருடைய முக்கிய நூலில்தான், வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நகரத் தொகுதிகளுக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயரை உருவாக்கினார். இருந்தும் அந்த நூலை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. நேரில் பேசினால் மணிக்கணக்கில் கொட்டுவார், காகிதத்தை மடித்து மடித்துக் கட்டம் போடுவார். அவரை உலகுக்குக் கொண்டுசேர்த்தவர்கள் மற்றவர்கள். முதலில் நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்ட். இளைஞராக இருந்தபோதே கடிதம் எழுதத் தொடங்கியவர். 1923-இல் நியூயார்க்கில் நேரில் சந்தித்தபோது கெடிஸ் அவரில் இறந்த மகன் அலஸ்டரின் சாயலைக் கண்டார், உதவியாளராக வந்துவிடு என்று வற்புறுத்தினார். மம்ஃபோர்ட் மறுத்துவிட்டார், ஆனால் தன் மகனுக்கு கெடிஸ் என்று பெயர் வைத்தார். அதே 1923-இல் மம்ஃபோர்டும் நண்பர்களும் தொடங்கிய அமெரிக்க மண்டலத் திட்டமிடல் சங்கம் கெடிஸின் எண்ணத்தை அமெரிக்காவில் வளர்த்தது. பிரிட்டனில் நகரமைப்பாளர் பேட்ரிக் அபர்குரோம்பி, சர்வே முதலில் என்ற விதியை லண்டன் பெருநகரத் திட்டம்வரை கொண்டுபோனார்.

மூன்றாமவர் நமக்கு நெருக்கமானவர். ஜாக்குலின் டிர்விட் என்ற திட்டமிடல் ஆசிரியை, கெடிஸின் இந்திய அறிக்கைகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளை 1947-இல் நூலாகத் தொகுத்தார். தஞ்சாவூர்க் கணக்கை உலகம் படித்தது அதில்தான். 1954-இல் ஐக்கிய நாடுகள் சபை புதுதில்லியில் வீட்டுவசதியும் சமூக மேம்பாடும் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தியபோது அதற்கான பணியில் முக்கியப் பங்கு டிர்விட்டுக்கு இருந்தது. மறு ஆண்டே தில்லியில் நகர், ஊரகத் திட்டமிடல் பள்ளி தொடங்கியது. ஆனால் 1962-இல் வந்த தில்லி மாஸ்டர் பிளான், நிலத்தை நிறநிறமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரே பயன்பாடு ஒதுக்கும் வழியில் போனது. பின்னால் வந்த பெரும்பாலான இந்திய நகரங்களுக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். மண்டலத் திட்டத்துக்கும் மாஸ்டர் பிளானுக்கும் சிறுபகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டத்துக்கும் அதில் இடம் உண்டு. கெடிஸின் கோபுரத்துத் தளங்களைப் போல மூன்று அளவுகளும் காகிதத்தில் இருக்கின்றன. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதியும் ராணிப்பேட்டையின் அரக்கோணம் பக்கமும் இப்போது ஒரே திட்டமிடல் பரப்பில் வருகின்றன. ஏரிகளின் தொடர் முழுவதையும் ஒரே வரைபடத்தில் பார்க்க முதல்முறையாக வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக எந்த ஏரிக்குப் போகிறது, வழியில் எந்த ஓடை மனையாகிவிட்டது, மதகு திறப்பவர் யார், கரையில் குடியிருப்பவர் எங்கிருந்து வந்தவர், இதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. ஒவ்வொரு ஏரிக்கரையிலும் நடந்து, அங்கே இருப்பவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அதற்குத் திட்டமிடல் கல்லூரிகள் இருக்கின்றன, ஆண்டுதோறும் ஸ்டூடியோ வகுப்புக்காக ஊர் தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் சர்வேக்கள் மதிப்பெண் வாங்கியபின் துறை அலமாரிக்குப் போகாமல் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டு, ஊரார் பார்த்துத் திருத்தி, பிறகு மாஸ்டர் பிளான் தயாரிப்பவர்களின் மேசைக்குப் போக ஒரு நடைமுறை வேண்டும். சட்டத்தில் ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு அவகாசம் தருவது திட்டம் வரையப்பட்ட பிறகுதான். இந்த வேலை அதற்கு முன்பே நடக்க வேண்டியது.